பெரும்பான்மை உள்ள அரசிடம் கேள்வி கேட்டு என்ன ஆகப்போகிறது?

நீங்கள் கேட்டது இது: அரசுக்கு அவையில் பெரும்பான்மை இருக்கிறது, பட்ஜெட் எப்படியும் நிறைவேறிவிடும். அப்படியிருக்க ஓர் உறுப்பினர் எழுந்து "இந்தப் பணம் எங்கே போனது? இந்தக் கொள்கையால் யாருக்கு என்ன கிடைத்தது?" என்று கேட்பதால் ஏதாவது மாறுமா? கூடவே, நல்ல கேள்வி எப்படி இருக்கும் என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

சில ஆண்டுகள் ஒரு மக்களவை உறுப்பினருக்குக் கேள்வி தயாரித்துத் தரும் வேலையில் இருந்தேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: மாறும். ஆனால் அந்த மாற்றத்தை ஓட்டெடுப்பில் தேடாதீர்கள். கேள்வி கேட்டால் அரசு ஒரு பதிலை எழுதித் தந்தாக வேண்டும். அந்தப் பதில் அமைச்சரின் பெயரில் அச்சாகி அவைப் பதிவில் உட்கார்ந்துவிடும். பிறகு அதை யார் வேண்டுமானாலும் எடுத்து, இன்னொரு தாளோடு வைத்துப் பார்க்கலாம். விளைவெல்லாம் அங்கேதான் தொடங்குகிறது.

ஓட்டே இல்லாத ஒருவரிடமிருந்து ஆரம்பிக்கிறேன். 1902 மார்ச் 26. கல்கத்தாவில், வைஸ்ராய் கர்சன் தலைமையில் சட்டமன்றப் பேரவை கூடியிருக்கிறது. அந்த ஆண்டு அரசின் கணக்கில் ஏழு கோடி ரூபாய் உபரி. பேசியவர்கள் நிதி உறுப்பினரைப் பாராட்டிக்கொண்டிருந்தார்கள். காங்கிரஸ் தலைவர்களில் ஒருவரான 35 வயது கோபால கிருஷ்ண கோகலே எழுந்து, மனசாட்சிப்படி அந்தப் பாராட்டில் என்னால் சேர முடியாது என்றார். 1892-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உறுப்பினர்கள் பட்ஜெட்டைப் பற்றிப் பேசலாம், கேள்வி கேட்கலாம். பட்ஜெட் மீது ஓட்டுப் போட முடியாது, பதிலைக் கேட்டுவிட்டு அதன் மேல் துணைக் கேள்வியும் கேட்க முடியாது. ஆகக் கோகலேயின் கையில் இருந்தது அரசாங்கத்தின் கணக்குப் புத்தகம் மட்டும்தான்.

அவருடைய வாதத்தின் சாரம் எளிமையானது. ரூபாயின் மதிப்பு பிரிட்டிஷ் பவுண்டுக்கு எதிராகச் சரிந்துகொண்டே வந்த காலத்தில், லண்டனுக்கு அனுப்பவேண்டிய தொகை ஏறிப்போகிறது என்று சொல்லி அரசு வரிகளை உயர்த்தியது. 1888-இல் உப்பு வரி மணங்குக்கு (அந்தக் கால எடை அளவு) இரண்டு ரூபாயிலிருந்து இரண்டரை ரூபாய் ஆனது. பிறகு ரூபாய் 13 பென்ஸிலிருந்து 16 பென்ஸுக்கு ஏறியது. லண்டனுக்கான சுமை குறைந்தது. வரி மட்டும் குறையவில்லை. 1896-97, 1899-1900 என்று இரண்டு பெரும் பஞ்சங்களில் மக்கள் செத்துக்கொண்டிருந்த காலத்தில் கஜானாவில் உபரி சேர்ந்தது இப்படித்தான். தேவைக்கு மேல் பிடுங்கிய வரிதான் இந்த உபரி, நாடு செழித்ததன் அடையாளம் இது இல்லை என்று அரசின் எண்களை வைத்தே அவர் காட்டினார். நாட்டு வருமானம் வேறு, அரசு வருமானம் வேறு. இன்றைக்கும் ஜிஎஸ்டி வசூல் ஏறியது என்ற செய்தியைப் படிக்கும்போது எனக்கு அந்தப் பேச்சுதான் நினைவுக்கு வரும்.

1903-இல் உப்பு வரி இரண்டு ரூபாயாகக் குறைந்தது. 1905-இல் ஒன்றரை. 1907-இல் ஒரு ரூபாய். வருமான வரி விலக்கு வரம்பும் 1903-இல் 500-லிருந்து 1,000 ரூபாயாக உயர்ந்தது. கோகலே ஒருவர் பேசியதால் மட்டும் இது நடந்தது என்று சொல்ல மாட்டேன், உபரி கண்ணெதிரே கிடந்தது என்பதும் ஒரு காரணம். ஆனால் அந்த உபரிக்கு என்ன அர்த்தம் என்பதை அவையில் சொல்லிப் பதிவாக்கியவர் அவர். அந்தத் திறமை திடீரென்று வந்துவிடவில்லை. 1897-இல் லண்டனில் இந்தியச் செலவினங்களை விசாரித்த வெல்பி ஆணையத்தின் முன் அவர் சாட்சி சொன்னார். அதே ஆணையத்தின் முன் போய் நின்ற இன்னொருவர் நம் சுதேசமித்திரன் ஜி. சுப்பிரமணிய ஐயர். கணக்குப் புத்தகத்தை அரசியல் ஆவணமாகப் படிக்கும் பழக்கம் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல.

அடுத்து, சுதந்திர இந்தியாவின் மிகக் கூர்மையான கேள்வி எது என்று கேட்டால் யோசிக்காமல் 1957 என்பேன். அதைக் கேட்டவர் ஆளும் கட்சிக்காரர். ரேபரேலி உறுப்பினர், பிரதமர் நேருவின் மருமகன், பெரோஸ் காந்தி. பதில் சொல்ல வேண்டியவர் நம் ஊர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி, நிதியமைச்சர்.

1956-இல் தனியார் ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களையெல்லாம் அரசுடைமையாக்கி எல்.ஐ.சி. உருவானது. அது நடப்பதற்கு ஒரு காரணமே, 1955 டிசம்பரில் பெரோஸ் காந்தி தனியார் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் பணம் எப்படித் திசைமாறிப் போனது என்று அவையில் அம்பலப்படுத்தியதுதான். ஆக, எந்த அமைப்பு பிறக்க உதவினாரோ அதையே இரண்டு ஆண்டுகளில் அவர் கேள்வி கேட்க வேண்டியதாயிற்று. 1957 ஜூனில் எல்.ஐ.சி., ஹரிதாஸ் முந்த்ரா என்ற தொழிலதிபரின் ஆறு நிறுவனங்களில் ஏறத்தாழ ஒன்றேகால் கோடி ரூபாய்க்குப் பங்குகள் வாங்கியது. எல்.ஐ.சி.யின் முதலீட்டுக் குழுவைக் கலந்துகொள்ளவில்லை. சந்தை விலையைவிடக் கூடுதலாகக் கொடுத்தும் வாங்கியிருந்தார்கள்.

செப்டம்பரில் இது சாதாரணக் கேள்வியாகத்தான் அவைக்கு வந்தது. பதில் வந்தது. அந்தப் பதிலிலிருந்து அடுத்த கேள்வி பிறந்தது. நவம்பர் கடைசியில் மறுபடி ஒரு கேள்வி. டிசம்பர் 16 அன்று பெரோஸ் காந்தி எழுந்து விவாதத்தைத் தொடங்கினார். இவ்வளவு பெரிய விஷயத்தில் மௌனம் காப்பது குற்றம் என்ற பொருளில் பேச ஆரம்பித்தவர், எந்தப் பங்கு, எந்தத் தேதி, என்ன விலை என்று அடுக்கிக்கொண்டே போனார். நீங்கள் அந்தப் பேச்சைத் தேடிப் படித்தால் ஒன்றைக் கவனிப்பீர்கள். உணர்ச்சி வசனம் முதல் சில வரிகளோடு நின்றுவிடும். மீதியெல்லாம் கணக்கு.

அரசு விசாரணைக்கு இணங்கியது. பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்லா ஒருநபர் ஆணையமாக விசாரித்தார். விசாரணை பொதுமக்கள் முன்னிலையில் நடந்தது. உள்ளே இடம் கிடைக்காதவர்கள் கேட்பதற்காக வெளியே ஒலிபெருக்கி கட்டினார்கள். 1958 பிப்ரவரியில் அறிக்கை வந்தது, அதே மாதம் டி.டி.கே. பதவி விலகினார். காங்கிரஸுக்கு அப்போது இருந்த பெரும்பான்மையை நினைத்துப் பாருங்கள். ஓட்டெடுப்பு வைத்திருந்தால் ஒரு செங்கல்கூட அசைந்திருக்காது.

இதில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது தொகைதான். ஒன்றேகால் கோடி. அரசின் மொத்தச் செலவில் அது அன்றைக்கும் சிறு துளி. ஆனால் அது குறிப்பிட்ட தொகை, குறிப்பிட்ட நாள், குறிப்பிட்ட கையெழுத்து. "அரசு மக்கள் பணத்தை வீணடிக்கிறது" என்று பொதுவாகச் சொன்னால் "இல்லை" என்று பொதுவாகவே பதில் வரும். "இந்தப் பங்கை இந்த விலைக்கு வாங்க யார் சொன்னது?" என்றால் ஒருவர் எழுந்து நின்று பதில் சொல்லியாக வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதை அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ஒரு நலத்திட்டத்துக்குப் பணம் வரவில்லை என்று தொகுதியிலிருந்து புகார் மேல் புகார். நான் எழுதிக் கொடுத்த கேள்வி: "இத்திட்டத்துக்குப் போதுமான நிதி ஒதுக்கப்பட்டுள்ளதா?" பதினைந்து நாள் காத்திருந்தோம். பதில் வந்தது: "ஆம். போதுமான நிதி ஒதுக்கப்பட்டுள்ளது." அவ்வளவுதான். உறுப்பினர் அந்தத் தாளை என்னிடம் நீட்டினார். திட்டவில்லை. "ஒதுக்கினார்களா என்று கேட்டாய், ஒதுக்கினோம் என்கிறார்கள். கொடுத்தார்களா என்று நீ கேட்கவே இல்லையே" என்றார்.

அடுத்த கூட்டத்தொடரில் அதையே இப்படி எழுதினேன். (அ) கடந்த மூன்று ஆண்டுகளில் இத்திட்டத்துக்கு ஒதுக்கிய தொகை, விடுவித்த தொகை, செலவான தொகை, ஆண்டுவாரியாக, மாநிலவாரியாக. (ஆ) ஒவ்வொரு தவணையும் விடுவிக்கப்பட்ட தேதி. (இ) விடுவிக்காமல் நிலுவையில் உள்ள தொகையும் அதற்கான காரணமும். பதிலோடு நான்கு பக்க அட்டவணை இணைப்பாக வந்தது. கடைசித் தவணை மார்ச் மாத இறுதியில் விடுவிக்கப்பட்டிருந்தது தெரிந்தது. நிதியாண்டு முடிய மூன்றே நாள் இருக்கும்போது வரும் பணத்தை எந்த மாவட்டத்திலும் செலவழிக்க முடியாது. கணக்கில் பணம் கொடுத்தாயிற்று, ஊரில் யாருக்கும் கிடைக்கவில்லை. இரண்டும் உண்மை. அந்த ஒரு தேதி தெரிந்த பிறகுதான் எங்களால் பேச முடிந்தது.

விதிகளும் இதற்குத் தோதாகவே இருக்கின்றன. மக்களவையில் ஒரு கேள்வி பொதுவாக 150 சொற்களைத் தாண்டக் கூடாது. வாதம், ஊகம், கேலி, குற்றச்சாட்டு எதுவும் கேள்விக்குள் இருக்கக் கூடாது. முதலில் எனக்கு இது வாயைக் கட்டுவதுபோல இருந்தது. போகப்போக, கேள்வியைக் கூராக்குவதே இந்த விதிதான் என்று புரிந்தது. கோபத்தையெல்லாம் வெட்டிய பிறகு என்ன மிஞ்சுகிறது? தொகை, தேதி, கோப்பு, குழுவின் பெயர். அப்புறம், நட்சத்திரக் குறியிட்ட கேள்வி ஒரு நாளைக்கு 20 மட்டும், குலுக்கலில் பெயர் வர வேண்டும். அவற்றிலும் ஐந்தாறுதான் அவையில் வாய்மொழியாகப் பதில் பெறும். குறியிடாத கேள்விகள் மக்களவையில் நாளொன்றுக்கு 230 வரை, எழுத்தில் பதில். பலரும் நட்சத்திரக் கேள்விக்குத்தான் ஆசைப்படுவார்கள், துணைக் கேள்வி கேட்கலாம், தொலைக்காட்சியில் வரும். என் அனுபவத்தில் அட்டவணைகளெல்லாம் குறியிடாத கேள்வியில்தான் கிடைக்கும். அதை வைத்து அடுத்த முறை நட்சத்திரக் கேள்வி போட வேண்டும்.

"தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையின் மேசையில் வைக்கப்படும்" என்று ஒரு பதில் வரும். பலர் அதோடு விட்டுவிடுவார்கள். அது நழுவல்தான். ஆனால் விதிப்படி அது அமைச்சர் அவைக்குக் கொடுத்த உறுதிமொழி. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். அதைக் கண்காணிக்கவே மக்களவையில் 1953 முதல் அரசு உறுதிமொழிகள் குழு இருக்கிறது. விடாமல் அந்தக் குழுவுக்கு எழுதுகிறவர்களுக்குப் பதில் வருகிறது.

இதுவரை செலவைப் பற்றிச் சொன்னேன். பொருளாதாரக் கொள்கையைக் கேள்வி கேட்பது வேறு மாதிரி. செலவுக்கு ரசீது உண்டு, கொள்கைக்கு ரசீது கிடையாது. அங்கே அரசு எந்த அளவுகோலை வைத்து "வளர்ந்துவிட்டோம்" என்கிறதோ, அந்த அளவுகோலையே பிடிக்க வேண்டும். சோஷலிஸ்ட் தலைவர் ராம் மனோகர் லோகியா 1963-இல் செய்தது அதுதான். அந்த ஆண்டு ஃபரூக்காபாத் இடைத்தேர்தலில் ஜெயித்து அவைக்கு வந்தார். ஆகஸ்டில் நேரு அரசு மீது முதல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. 62 ஓட்டு ஆதரவாக, 347 எதிராக. தீர்மானம் தோற்றது. ஆனால் அந்த விவாதத்திலிருந்து இன்றும் நினைவில் நிற்பது லோகியாவின் எண்கள்தான்: 27 கோடிப் பேர் நாளுக்கு மூன்றணாவில் வாழ்கிறார்கள், பிரதமருக்காக நாளுக்கு 25,000 ரூபாய் செலவாகிறது.

நேரு மறுத்தார், தனிநபர் வருமானம் நாளுக்குப் பதினைந்தணா என்றார். கணக்குப் போட்டுப் பாருங்கள். பதினாறணா ஒரு ரூபாய். பதினைந்தணா என்றால் மாதம் சுமார் 28 ரூபாய். மூன்றணா என்றால் மாதம் ஐந்தரை ரூபாயைக் கொஞ்சம் தாண்டும். 1962-இல் அரசே அமைத்த பணிக்குழு ஒன்று, ஒரு மனிதருக்குக் குறைந்தபட்சம் மாதம் 20 ரூபாய் வேண்டும் என்று 1960-61 விலைவாசியில் கணித்திருந்தது. சராசரியைப் பார்த்தால் நாடு இந்த 20 ரூபாய்க் கோட்டுக்கு மேலே, லோகியா சொன்ன அடித்தட்டைப் பார்த்தால் கோட்டுக்குப் பாதாளத்தில். அவர் சொன்ன மூன்றணா துல்லியமா என்று பொருளியல் அறிஞர்கள் சண்டை போட்டார்கள். என் கணிப்பில் அது கொஞ்சம் குறைவான எண்தான். ஆனால் அவர் கேட்டதன் உள்ளர்த்தம் வேறு: பண்ணையாரின் வருமானத்தையும் கூலியாளின் வருமானத்தையும் கூட்டி இரண்டால் வகுத்து, கூலியாளிடம் போய் உன் வருமானம் இது என்று சொல்வது எப்படி நியாயம்? அந்தக் கேள்விக்குப் பிறகு சராசரியை மட்டும் சொல்லிவிட்டு உட்காருவது எந்த அமைச்சருக்கும் எளிதாக இல்லை.

இதே வரிசையில் சமீபத்திய ஒன்றைச் சொல்கிறேன். 2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றார்கள். அதன் பிறகு இரு அவைகளிலும் குழுக்களிலும் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டது ஒரே கேள்வி: எவ்வளவு நோட்டு திரும்பி வந்தது? கருப்புப் பணம் ஒழியும் என்ற வாதம் நிற்பதும் விழுவதும் அந்த ஓர் எண்ணில்தான் இருந்தது. எண்ணிக்கொண்டிருக்கிறோம் என்பதே மாதக்கணக்கில் பதில். கடைசியில் 2017 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியின் ஆண்டறிக்கை வந்தது. செல்லாததாக அறிவித்த 15.44 லட்சம் கோடியில் 15.28 லட்சம் கோடி திரும்பியிருந்தது, அதாவது ஏறக்குறைய 99 சதவீதம். வங்கி வாசலில் வரிசையில் நின்ற ஒவ்வொருவருக்கும் அந்த எண்ணைத் தெரிந்துகொள்ளும் உரிமை இருந்தது. அவ்வளவு மாதம் காத்திருக்க வைத்ததை என்னால் இன்றும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

சரி, இன்றைக்கு ஒரு உறுப்பினர் எங்கே தேட வேண்டும்? பட்ஜெட் உரையில் தேட வேண்டாம், அது நல்ல செய்தி சொல்வதற்கான இடம். ஒவ்வொரு துறைக்கும் அரசு அவையிடம் பணம் கேட்கும் மானியக் கோரிக்கைப் புத்தகத்தைத் திறக்கச் சொல்வேன். ஒவ்வொரு செலவுக்கும் ஒரு கணக்குத் தலைப்பு எண் உண்டு. முதல் இலக்கம் 2 அல்லது 3 என்றால் வருவாய்ச் செலவு, 4 அல்லது 5 என்றால் மூலதனச் செலவு, 6 அல்லது 7 என்றால் கடன். 2210 மருத்துவம், அதில் 01 நகர்ப்புற அலோபதி சேவை, அதற்குள் 110 மருத்துவமனைகள். இன்னும் உள்ளே போனால் சம்பளம் எவ்வளவு, மருந்து எவ்வளவு என்று தெரியும். சாலைக்கு 3054, 5054 என்று இரண்டு உண்டு. 3054 பெரும்பாலும் பராமரிப்பு, 5054 புதிதாகப் போடுவது. ஐந்தாண்டுக்கு இந்த இரண்டு வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். புதிய சாலைக்கு அடிக்கல் நாட்டும் வேகத்தில் பழைய சாலையின் குழிக்கும் பணம் போகிறதா என்று ஒரு தாளில் தெரிந்துவிடும். சட்டமன்றத்தில் கேட்க இதைவிட நல்ல கேள்வி வேண்டுமா?

பட்ஜெட்டுக்கு வெளியே நடப்பதையும் பார்க்க வேண்டும். பல ஆண்டுகள் இந்திய உணவுக் கழகத்துக்குத் தர வேண்டிய மானியத்தை ஒன்றிய அரசு முழுதாகத் தராமல், தேசிய சிறுசேமிப்பு நிதியிலிருந்து கடன் வாங்கிக்கொள்ளச் சொன்னது. தபால் நிலையத்தில் மக்கள் போட்டு வைக்கும் சேமிப்பு அது. கடன் கழகத்தின் பேரில் இருப்பதால் அரசின் பற்றாக்குறை குறைவாகத் தெரியும். அரசின் கணக்கைத் தணிக்கை செய்யும் சிஏஜி இதைச் சுட்டிக்காட்டியது, குழுக்களிலும் கேட்டார்கள். 2020-21 பட்ஜெட்டில் உணவு மானியம் சுமார் 1.15 லட்சம் கோடி என்று இருந்தது, திருத்த மதிப்பீட்டில் 4.22 லட்சம் கோடி ஆனது. கொரோனா கால இலவச அரிசி ஒரு பங்கு. பெரும்பங்கு, பழைய கடனை அடைத்துக் கணக்கை நேராக்கியது. அப்படி நேராக்கியதைப் பாராட்டத்தான் வேண்டும். அதே சமயம், அதற்கு முந்தைய ஆண்டுகளில் அவை ஒப்புதல் கொடுத்த பற்றாக்குறை எண் முழு எண் இல்லை என்பதும் அதிலேயே தெரிந்துபோனது.

செஸ் இன்னொன்று, தமிழ்நாட்டுக்காரர்கள் கூர்ந்து பார்க்க வேண்டியது. வரியில் மாநிலங்களுக்குப் பங்கு உண்டு, செஸ்ஸிலும் கூடுதல் தீர்வையிலும் பங்கு கிடையாது. ஒரு குறிப்பிட்ட காரியத்துக்கு என்று சொல்லித்தான் செஸ் வாங்குகிறார்கள். 2018-19-இல் 35 வகை செஸ்களில் வசூலான சுமார் 2.75 லட்சம் கோடியில், உரிய நிதியங்களுக்குப் போனது 1.64 லட்சம் கோடிதான் என்று சிஏஜி சொன்னது. மீதி பொதுக் கஜானாவிலேயே தங்கிவிட்டது. இடைநிலை, உயர்கல்விக்கு என்று 1 சதவீத செஸ் 2007-இல் வந்தது. அந்தப் பணத்தைப் போட்டு வைக்க ஒரு நிதியம் அமைக்க அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது 2017 ஆகஸ்டில். பத்து ஆண்டு! செஸ் வர ஆரம்பித்தபோது ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை, அதற்குள் பத்தாம் வகுப்பையே முடித்திருக்கும். இங்கே கேட்க வேண்டியதும் சின்னக் கேள்விதான்: எந்த ஆண்டு எவ்வளவு வசூல், எவ்வளவு மாற்றினீர்கள், மீதி எந்தத் தலைப்பில் இருக்கிறது, எப்போது மாற்றுவீர்கள்?

இப்போது உங்கள் சந்தேகத்தின் நியாயமான பக்கத்துக்கு வருகிறேன். கேள்விக்கு நேரமே கொடுக்காமல் போவது உண்மைதான். மக்களவையில் எல்லாத் துறை மானியக் கோரிக்கைகளையும் விவாதிக்க நேரம் இருக்காது. குறித்த நாளில் மீதியை மொத்தமாக ஓட்டுக்கு விட்டுவிடுவார்கள், கில்லட்டின் என்று பெயர். 2018 மார்ச்சிலும் 2023 மார்ச்சிலும் ஒரு துறைகூட விவாதிக்கப்படவில்லை, எல்லாமே கில்லட்டின். 2023-இல் அப்படி நிறைவேறியது 45 லட்சம் கோடி ரூபாய்ச் செலவு. அமளிக்கு ஆளும் தரப்பும் எதிர்த் தரப்பும் ஒருவரையொருவர் கை காட்டினார்கள். 2018-இல் காவிரிக்காக நம் ஊர் உறுப்பினர்களும் அவையின் மையத்தில்தான் நின்றார்கள். கோரிக்கை நியாயமானது, எனக்கு அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அவை முடங்கினால் இழப்பு கேள்வி கேட்பவருக்குத்தான். அமைச்சருக்கு ஒரு துறையின் கணக்கை நின்று விளக்கும் சிரமம் மிச்சம். இதை எத்தனை முறை சொன்னாலும் கட்சிகளின் காதில் ஏறுவதில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

வெட்டுத் தீர்மானம் என்று ஓர் ஆயுதமும் இருக்கிறது. ஒரு துறையின் கோரிக்கையை ஒரு ரூபாயாகக் குறை என்றால் அந்தக் கொள்கையையே ஏற்கவில்லை என்று பொருள். நூறு ரூபாய் குறை என்றால் குறிப்பிட்ட ஒரு குறையைச் சுட்டுவது. நிறைவேறினால் அரசே ஆட்டம் காணும் என்பதால் ஆளும் தரப்பு ஒரு ஆளைக்கூட விடாமல் வரவழைத்துத் தோற்கடித்துவிடும்.

அவையில் கிடைக்காத நேரம் பொதுக் கணக்குக் குழுவில் கிடைக்கும். 22 பேர், அமைச்சர்கள் உறுப்பினராக முடியாது. 1967-இல் மினு மசானியிலிருந்து எதிர்க்கட்சிக்காரரே தலைவராக இருப்பது மரபாகிவிட்டது. அங்கே தொலைக்காட்சி இல்லை என்பதால் கட்சிச் சண்டை குறைவு. துறைச் செயலாளர் எதிரில் உட்கார்ந்திருப்பார், சிஏஜி அறிக்கையின் பத்தி எண்ணைச் சொல்லிக் கேட்பார்கள். சலிப்பான வேலை. உட்கார்ந்து படிக்கிற உறுப்பினர் யார், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறவர் யார் என்று அங்கே ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். மாநிலச் சட்டமன்றங்களிலும் இதே குழு உண்டு. என்ன, பல மாநிலங்களில் சிஏஜி அறிக்கையைக் கூட்டத்தொடரின் கடைசி நாளில் மேசையில் வைப்பார்கள். படிப்பதற்குள் அவை கலைந்திருக்கும்.

நீங்களே இதைச் செய்து பார்க்க விரும்பினால், உங்கள் தொகுதி உறுப்பினர் கேட்ட கேள்விகளும் பதில்களும் நாடாளுமன்ற இணையதளத்தில் தேதிவாரியாக இருக்கின்றன. செலவைப் பற்றிய ஒரு கேள்வியை மட்டும் எடுங்கள். பதிலில் "ஒதுக்கப்பட்டது" என்று வரும் தொகையைத் தனித் தாளில் எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு பட்ஜெட் புத்தகத்தில் அதே தலைப்புக்குத் "திருத்த மதிப்பீடு" என்ற நிரல் இருக்கும். அதற்கும் அடுத்த ஆண்டு "உண்மைச் செலவு" என்ற நிரலில் கடைசி எண் வரும். மூன்று எண்களையும் வரிசையாக எழுதி, வித்தியாசம் பெரிதாக இருந்தால் அந்தத் தாளையே உங்கள் உறுப்பினருக்கு அனுப்புங்கள். கேள்வி கொடுக்க அவருக்குக் குறைந்தது பதினைந்து நாள் முன்னறிவிப்பு வேண்டும், அதனால் கூட்டத்தொடர் தேதி அறிவித்த வாரமே அனுப்பிவிடுவது நல்லது.